எந்தத் தெரு என்று கேட்டார்கள்

செப்டம்பர் 3, புதன்

உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் நான் வழக்கமாக எழுதுவது இரண்டு வரிதான். இன்று என்ன அறிவிப்பு, எத்தனை சுற்று. முப்பத்தோரு வருடமாக மருதடியூரில் சாவு, கோயில் கொடை, கரண்ட் நிறுத்தம், காணாமல் போன ஆடு எதுவானாலும் ஆட்டோவில் இரண்டு குழாய் கட்டி ஊருக்குச் சொல்கிற மைக்செட் ஆவுடையப்பன் நான்தான். குழாய் என்றால் ஒலிபெருக்கி. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

இன்று பேரூராட்சி ஆபீசில் கூப்பிட்டார்கள். செயல் அலுவலர் பக்கத்தில் சுகாதார ஆய்வாளர் எட்வின் உட்கார்ந்திருந்தார். சாத்தான்குளத்துப் பையன், முப்பது வயது இருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் காய்கறி லோடு கொண்டுபோகும் நம் ஊர் டிரைவர் ஒருவர் ஐந்து நாளாக மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். புது வைரஸ் என்று நேற்று உறுதியாகிவிட்டதாம். அதற்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர். அதைச் சொல்ல எட்வினே நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். வௌவாலிடமிருந்து மனுஷனுக்கு வருமாம், பிறகு எச்சில், இருமல் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு. டீக்கடையில் அதற்குள் "வௌவால் காய்ச்சல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

படிக்க வேண்டியதைத் தாளில் கொடுத்தார். "பறவைகளாலும் வௌவால்களாலும் கடிக்கப்பட்ட கனிகளை உட்கொள்ளுதல் தவிர்க்கப்படல் வேண்டும்." இதை ஓடுகிற ஆட்டோவிலிருந்து படித்தால் "தவிர்" வரும்போது ஒரு தெரு, "வேண்டும்" வரும்போது அடுத்த தெரு வந்துவிடும். கடிபட்ட பழம் தின்னாதீங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணுங்க என்று நானே மாற்றிக்கொண்டேன்.

"எப்படிச் சொன்னாலும் சரி அண்ணாச்சி, விஷயம் மாறாம இருந்தாப் போதும்" என்றார் எட்வின். "ரெண்டு மட்டும் வாயில வரவே கூடாது. யாருக்கு வந்திருக்கு, எந்த இடம். அது ரெண்டும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன். மத்தியானமே முதல் சுற்றுப் போனேன்.

வீட்டில் மனைவி பிரமுவிடம் சொன்னபோது, "வௌவால் கடிச்சத யாரு திங்கப் போறா?" என்றாள். அணில் கடித்த கொய்யாதான் இனிக்கும் என்று பொறுக்கி எடுத்து வைக்கிறவள் அவள். அதைச் சொன்னேன். அணில் வேறு வௌவால் வேறு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

காலை இரண்டு சுற்று, மாலை இரண்டு சுற்று. தொண்டை கட்டிவிட்டது. அதைவிட மனசுதான் அதிகம் கட்டிக்கொண்டது.

என் குரல் கேட்டதும் ஜனங்கள் வாசலுக்கு வருகிறார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதில்லை. "யாரு அண்ணாச்சி? எந்தத் தெரு?" என்கிறார்கள். முப்பத்தோரு வருடம் சாவு சொன்ன குரல், என்ன செய்ய. தேரடியில் ஒரு அம்மா நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ செத்தது யாரு?" என்றாள். யாரும் சாகவில்லை அம்மா, கை கழுவச் சொல்கிறேன் என்றேன். "இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீக்கடை வேலாயுதம் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. "நம்மூருல ஒருத்தருக்கு வந்திருக்குன்னு சொல்லுதீரு. எந்தத் தெருன்னு சொல்ல மாட்டேங்கீரு. தெரு தெரியாம என்னவே அறிவிப்பு?" கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

என் தொழிலில் முதலில் தெருவைத்தான் சொல்லுவோம். தெரு, அப்பா பெயர், மாமனார் பெயர், பிறகுதான் ஆள் பெயர். தெருவைச் சொன்னதும்தான் ஜனங்கள் காதைத் தீட்டுவார்கள், நமக்கு வேண்டிய தெருவா என்று. தெரு இல்லாத அறிவிப்பு விலாசம் எழுதாத தபால் மாதிரி. ஒவ்வொரு தெருவும் இது அடுத்த தெரு விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சந்தையில் கொய்யாவைச் சட்டையில் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

யாருக்கு என்று எனக்குத் தெரியும். வடக்குத் தெரு டிரைவர் பெருமாள். அவன் மனைவி வள்ளிமயில் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பிரமு பத்து வருடமாக அங்கேதான் மாவு வாங்குகிறாள். வள்ளிமயிலையும் நாலு வயதுப் பெண் தர்ஷினியையும் இருபத்தோரு நாள் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். இதெல்லாம் பிரமு சொல்லித்தான் தெரியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று அறிவிப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். பெயர் சொல்லவில்லை. தெரு மட்டும்தான்.

பலன் உடனே தெரிந்தது. வாசலில் நின்று கடைசி வரை கேட்டார்கள். மத்தியானத்துக்குள் மூன்று கடைகளில் சோப்பு தீர்ந்துவிட்டது. வேலாயுதம் கடை முன்னால் வாளியில் தண்ணீர் வைத்துவிட்டான். கொய்யா விற்கிற அம்மாவைத்தான் பாவம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் எட்வின் போன் பண்ணினார். கோபம்தான், ஆனால் மரியாதை குறையாமல் பேசினார். "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" என்றார். அந்தத் தெருக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும் சார், மற்ற தெருவுக்கும் தெரிந்தால்தானே பயம் வரும் என்றேன். "பயம் வந்திருச்சு அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, இனிமேல் சொல்லக் கூடாது என்றார். நான்கு சுற்றும் முடிந்த பிறகு சொன்னால் நான் என்ன செய்ய முடியும்.

செப்டம்பர் 6, சனி

யாரோ வடக்குத் தெரு முனையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். பேரூராட்சி ஆட்கள் வந்து எடுத்தார்கள். பால்காரன் அந்தத் தெருவுக்குள் போக மாட்டேன் என்கிறானாம். பள்ளிக்கூடத்தில் வடக்குத் தெருப் பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்ததாகவும் கேள்வி. ஜனங்கள் ஒன்றைச் சொன்னால் ஒன்பதாகச் செய்கிறார்கள். இதற்கு நான் பொறுப்பாக முடியாது.

பிரமு பரணிலிருந்து பழைய கிரைண்டரை இறக்கி மாவு அரைத்தாள். இட்லி கல்லாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்" என்றாள் கை கழுவும்போது. அவ்வளவுதான் இன்று எங்களுக்குள் பேச்சு.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாரல். இரண்டு சுற்று. தெரு சொல்லவில்லை. பால் ஏன் இரண்டு பாக்கெட் என்று பிரமுவிடம் கேட்டேன். மோருக்கு என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

சுகாதார நிலையத்தில் போன் எடுக்கிற நர்ஸ் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். எட்வின் அதைக் காட்டினார். முதல் நாள் பதினான்கு போன், இரண்டாம் நாள் பதினேழு. காய்ச்சல், இருமல், சந்தேகம் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் தேதி மூன்று. அதற்குப் பிறகு இன்று வரை ஒன்றுகூட இல்லை.

"பார்த்தீங்களா சார், ஊர் சுத்தமாயிருச்சு. யாருக்கும் காய்ச்சல் இல்ல" என்றேன்.

எட்வின் நோட்டை மூடி வைத்துவிட்டு, சாப்பிட்டீங்களா அண்ணாச்சி என்று கேட்டார். நல்ல பையன், ஆனால் பாராட்டத் தெரியாது.

செப்டம்பர் 10, புதன்

பெருமாள் இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். முப்பத்தாறு வயது.

உடம்பை ஊருக்குக் கொண்டுவரவில்லை. அங்கேயே சுகாதாரத் துறை ஆட்கள் தகனம் செய்துவிட்டார்கள். வள்ளிமயிலுக்குப் போனில் காட்டினார்களாம்.

பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. வள்ளிமயில்தான். குரல் கம்மிப்போய் இருந்தது. அழுது அழுது அப்படி ஆகிவிட்டது போல.

"அண்ணாச்சி, அவுகளுக்கு ஒரு மைக் போடுங்க" என்றாள். "யாரும் வர வேண்டாம். செத்துட்டாகன்னு ஊருக்குத் தெரியணும்லா. பேரச் சொல்லணும்லா."

அரசாங்கத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் அம்மா, சாவு அறிவிப்புக்கு இப்போது அனுமதி இல்லை என்றேன். அது உண்மை. செயல் அலுவலர் காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் அந்தத் தெருவுக்குள் இன்று ஆட்டோவைக் கொண்டுபோக எனக்குக் கை வந்திருக்காது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"உசுரோட இருக்கும்போது தெருவச் சொன்னீங்க. செத்தப் பெறகு பேரச் சொல்ல மாட்டீங்களா?"

அதற்குப் பிறகுதான் வைத்தாள்.

இந்த ஊரில் முப்பத்தோரு வருடத்தில் நான் சாவு சொல்லாத வீடு கிடையாது. தூக்குப் போட்டுச் செத்தவனுக்கும் சொல்லியிருக்கிறேன். நாதியற்றுச் சத்திரத்தில் செத்தவருக்கும் பெயர் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். பெருமாளுக்கு மட்டும் சொல்லவில்லை. 

செப்டம்பர் 11, வியாழன்

தொண்டைக்கு மாத்திரை வாங்க மைதீன் பாய் மருந்துக் கடைக்குப் போனேன். 

"இந்த அஞ்சு நாள்ல காய்ச்சல் மாத்திர அட்ட அட்டையாப் போகுது அண்ணாச்சி. யாருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லையாம். எல்லாருக்கும் தலவலியாம்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல்னு சொன்னா உம்ம ஆட்டோ வந்திரும்னு பயப்படுதாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

இதை எட்வினிடம் சொல்லப் போனேன். அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வீடு வீடாகக் கேட்கப் போன செவிலியர்களிடமும் இல்லை இல்லை என்றே சொல்லி அனுப்புகிறார்களாம். வாசலில் நின்று காய்ச்சல்மானியை நீட்டினால், ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்களாம். "நோய் ஒளிஞ்சிக்கிட்டா நமக்குக் கண்ணு தெரியாது அண்ணாச்சி. முன்னாடியே வந்தாத்தான் காப்பாத்த முடியும்" என்றார். அன்று நான் ஊர் சுத்தம் என்று சொன்னபோது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

ரசத்தில் உப்பே இல்லை. பிரமு கை உப்பு முப்பது வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. சொன்னேன், மறந்துட்டேன் என்றாள். மத்தியானம் படுத்தவள் நாலரைக்குத்தான் எழுந்தாள். இந்தப் புழுக்கத்தில் சால்வை போர்த்தியிருந்தாள். என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

பெரிய தூக்குவாளியைக் காணோம். அதைத் தேடியதற்கு, "ஒரு வாளிக்குப் போயி இவ்வளவு விசாரணையா?" என்று சத்தம் போட்டாள்.

செப்டம்பர் 13, சனி

ஒரு சுற்று. கடிபட்ட பழம், சோப்பு, முகக்கவசம். கேட்டவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். என் ஆட்டோ வருகிறது என்றால் இப்போது கதவு சாத்துகிறார்கள்.

பிரமுவுக்குத் தலைவலி குறையவில்லை. கையைத் தொட்டுப் பார்க்கப் போனேன், விலகிக்கொண்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் காபி போட அடுப்படிக்குப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

"தொடாதீங்க. தள்ளி நில்லுங்க" என்றாள்.

எத்தனை நாளாக என்றேன். வியாழக்கிழமையிலிருந்து என்றாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் மாத்திரை அட்டையை. பத்தில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

"உங்க கிட்ட எப்படிச் சொல்ல?" என்றாள். "நம்ம தெருவையும் மைக்குல சொல்லிட்டு வந்திருவீங்களோன்னு பயம்."

நான் அப்படிச் செய்வேனா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. செய்தவன்தானே.

மற்றதையும் சொன்னாள். ஆறாம் தேதியிலிருந்து தினமும் விடிகாலையில் பின் சந்து வழியாக வள்ளிமயில் வீட்டுக்குப் பால் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்காரனும் பால்காரனும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு அரிசி, பிள்ளைக்குப் பிஸ்கட், தூக்குவாளியில் குழம்பு எல்லாம் போயிருக்கிறது. துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டு வந்துவிடுவாளாம். உள்ளே போகவில்லை, யாரையும் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினாள். "அந்தப் பிள்ள ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கும். நான் எப்படிப் போகாம இருக்க?"

எட்வினுக்குப் போன் பண்ணினேன். ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரத்தில் வந்தது. கவச உடை போட்ட இரண்டு பேர் பிரமுவை ஏற்றினார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதைப் பார்த்தேன். இத்தனை நாள் நான் ஆட்டோவிலிருந்து பார்த்தது, இன்று என் வாசலிலிருந்து பார்த்தேன். வடக்குத் தெருவில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

எனக்கும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. பரிசோதனை முடிவு வரும்வரை. ரத்த மாதிரி வெளியூருக்குப் போய் வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம்.

மத்தியானம் எட்வினிடம் போனில் கேட்டேன். என் மனைவிக்குக் காய்ச்சல் என்று நானே மைக்கில் சொல்லலாமா என்று.

"உங்க பேரச் சொல்ல நான் யாரு அண்ணாச்சி அனுமதி குடுக்க? அக்கா கிட்ட கேளுங்க" என்றார்.

வார்டில் இருந்த பிரமுவுக்குப் போன் பண்ணினேன்.  மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க" என்றாள். "ஆனா பிரமுன்னு மொட்டையாச் சொல்லாதீங்க. அம்மாள்னு சேத்துச் சொல்லணும்."

மாடியில் நாலு குழாயைக் கட்டினேன். ஆட்டோவில் போக முடியாது, அதனால் நாலு திசைக்கும் ஒவ்வொன்று. ஐந்து மணிக்குப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுதி வைக்கிறேன். யாரும் எழுதித் தந்த தாள் இல்லை இது.

"மருதடியூர்ப் பொதுமக்களுக்கு. தெற்குப் பிள்ளையார் கோயில் தெரு, மைக்செட் ஆவுடையப்பன் என் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். என் மனைவி பிரமு அம்மாளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். என்ன காய்ச்சல் என்று இன்னும் தெரியாது. இன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நாலு நாளும் என்னிடம் சொல்லவில்லை. நான் தெருவைச் சொல்லிவிடுவேன் என்று பயந்து சொல்லவில்லை. அவள் பயந்தது நியாயம். வடக்குத் தெருவின் பெயரை நான் சொன்னது தப்பு. சொல்லக் கூடாது என்று சொல்லியும் சொன்னேன். அந்தத் தெருக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறவர்கள் தயவுசெய்து போன் பண்ணுங்கள். சீக்கிரம் போனால் பிழைக்க வைக்க முடியும் என்று சொல்கிறார்கள். உங்கள் பெயரும் உங்கள் தெருவும் இனி இந்தக் குழாயில் வராது. வந்தால் என் செட்டைக் குளத்தில் தூக்கிப் போடுங்கள்."

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. இந்தத் தொழிலில் முதல் தடவை.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இன்று சாயங்காலம் வரை இருபத்து மூன்று போன்.

எட்வின் வாசலில் தள்ளி நின்று சொன்னார். எந்தெந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. அதில் பெரும்பாலும் சளிக் காய்ச்சல்தானாம், ஆனாலும் எல்லோரையும் பார்க்கிறார்களாம். மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"முதல் போன் யாருன்னு உங்ககிட்ட சொல்லலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். "நீங்க மைக்க அணைச்ச ரெண்டாவது நிமிஷம் வந்திச்சு. வள்ளிமயில்."

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன்.

"அஞ்சு நாள். புதன்கிழமையிலிருந்து. வாசல்ல நின்னு கேட்ட சிஸ்டர்கிட்ட இல்லைன்னே சொல்லியிருக்காங்க."

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவள் என்னிடம் பேசினாள். குரல் கம்மியிருந்தது. அழுததால் என்று நான் நினைத்தேன், டைரியிலும் எழுதி வைத்திருக்கிறேன். காய்ச்சலோடு பேசியிருக்கிறாள். புருஷனுக்கு ஒரு மைக் போடச் சொல்லிக் கேட்டாள், தனக்குக் காய்ச்சல் என்று சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள், என்னிடமா?

பிள்ளையையும் கூட்டிப்போய்த் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வள்ளிமயிலுக்கு அதே வைரஸ். தீவிர சிகிச்சைப் பிரிவு. பிரமு முடிவு இன்னும் வரவில்லை. நானே பொங்கித் தின்றேன். குக்கர் அடிபிடித்துவிட்டது.

செப்டம்பர் 17, புதன்

பிரமுவுக்கு டெங்கு.

எட்வின் சொன்னதும் கடவுளே நன்றி என்று கத்திவிட்டேன். டெங்கு என்றதும் சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதையும் லேசாக நினைக்கக் கூடாது அண்ணாச்சி, தொட்டித் தண்ணியை மூடி வைங்க என்றார். மூடினேன். பக்கத்து வீட்டுத் தொட்டியையும் போய் மூடினேன். எனக்கு இனி கட்டுப்பாடு இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

வள்ளிமயிலுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னதாக எட்வின் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று நினைத்தாராம், பிறகு எனக்குத் தெரிவதுதான் சரி என்று பட்டதாம். அவர் செய்தது சரிதான்.

கோயிலுக்குப் போனேன். என்ன கேட்க என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பிரமு வீடு வந்தாள். நாலு கிலோ இளைத்திருக்கிறாள். வந்ததும் குக்கரைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வள்ளிமயில் நேற்றுக் கண் விழித்தாளாம். தண்ணீர் கேட்டாளாம்.

வடக்குத் தெருவுக்குப் போனேன். ஆட்டோ இல்லாமல் நடந்து. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கும்பிட்டேன். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் திட்டினார், நின்று கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 24, புதன்

வள்ளிமயிலிடம் பேச முடிந்தது. நர்ஸ் போனைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேச என்று எழுதி வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. தப்புப் பண்ணிட்டேன் தாயி என்று மட்டும் சொன்னேன்.  பரவாயில்லை என்று அவள் சொல்லாததே நல்லது என்று பட்டது.

"நாளைக்கு அவுகளுக்குப் பதினாறு" என்றாள்.

செயல் அலுவலரிடம் கேட்டுவிட்டேன், கூட்டம் சேராமல் சொல்லச் சம்மதித்துவிட்டார் என்றேன். தெருவைச் சொல்லவா வேண்டாமா என்று அவளிடம் கேட்டேன்.

"சொல்லுங்க. எங்க தெருதான அது?"

செப்டம்பர் 25, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவை எடுத்தேன். பிரமு பக்கத்தில் உட்கார்ந்து போனைக் குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வள்ளிமயில்.

தேரடியில் ஆரம்பித்தேன். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக.

"வடக்குத் தெரு, காலஞ்சென்ற சங்கரபாண்டியன் அவர்களின் குமாரரும், வள்ளிமயில் அவர்களின் கணவரும், குழந்தை தர்ஷினியின் தகப்பனாரும், லாரி ஓட்டுநருமான சிவனணைந்தபெருமாள் அவர்கள், இம்மாதம் பத்தாம் தேதி புதன்கிழமை காலை இயற்கை எய்தினார். அன்னாருக்கு இன்று பதினாறாம் நாள். இந்த அறிவிப்பை அன்றே செய்யாதது என் தவறு. யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. நினைத்துக்கொள்கிறவர்கள் அவரவர் வாசலிலேயே ஒரு நிமிஷம் நிற்கலாம்."

ஊரில் எல்லோருக்கும் அவன் வெறும் பெருமாள்தான். முழுப் பெயரைக் கேட்டுப் பலருக்கு யாரென்றே முதலில் பிடிபடவில்லை. பிறகு கதவுகள் திறந்தன. வேலாயுதம் அடுப்பைத் தணித்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து நின்றான். மைதீன் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். வடக்குத் தெருவில் இரண்டு பக்கமும் வாசல் வாசலாக ஜனம், ஒருவரையொருவர் தள்ளி, முகக்கவசத்தோடு. பூட்டியிருந்த பெருமாள் வீட்டு முன்னால் ஆட்டோவை நிறுத்தி மறுபடி ஒரு தடவை முழுக்கச் சொன்னேன்.

மைக்கை வைத்தேன். பிரமு போனை என் காதில் வைத்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா, அந்தக் காய்ச்சலின் களைப்பா என்று இந்தத் தடவை நான் யூகிக்கவில்லை, காத்திருந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் வள்ளிமயில்.

சொன்னேன்.